ஏப்ரல் 12: ககாரினா, போலியோ ஊசியா?

ஏப்ரல் 12 என்றால் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின்தான், பள்ளிக்கூட வினாடி வினா காலத்திலிருந்தே அப்படித்தான் பழக்கம், 2011-இல் ஐ.நா. வேறு அந்த நாளை மனித விண்வெளிப் பயணத்துக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் அதே தேதியில், 1955-இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவித்தார்கள். இந்த இரண்டில் எதற்கு இந்த நாளைக் கொடுப்பது?

தைரியம்தான் கணக்கென்றால் 1961-இன் ககாரினை யாரும் தொட முடியாது. 27 வயது, 108 நிமிடம், பூமியை ஒரே சுற்று. எடையற்ற நிலையில் புத்தி பிசகிவிடுமோ என்று பயந்து கலத்தின் கைக்கட்டுப்பாட்டைப் பூட்டி, திறக்கும் எண்ணை ஓர் உறையில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள் (புறப்படும் முன்பே அவர் காதில் அதைச் சொல்லிவிட்டார்கள், அது வேறு கதை). திரும்பும்போது சுமார் 7 கி.மீ. உயரத்தில் கலத்தை விட்டு வெளியேறி பாராசூட்டில் இறங்கினார். சாதனை விதிப்படி விமானி கலத்தோடு தரையிறங்க வேண்டும் என்பதால் சோவியத் அரசு அதைப் பத்து வருடம் மூடி மறைத்தது.

போலியோ பக்கம் எல்லாம் ஊரறிய நடந்தது. 1954 சோதனையில் சுமார் 18 லட்சம் குழந்தைகள்: சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி, நிறையப் பேருக்கு ஊசியே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். எந்தக் குழந்தைக்கு எது போகிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெற்றோரின் தைரியத்தை எந்தத் தராசில் வைப்பது? 1952-இல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேரைப் பிடித்த நோய், 1957-இல் 6,000-க்கும் கீழே இறங்கியது. களங்கம் இல்லாமலும் இல்லை. அறிவித்த அன்றே அவசரமாக உரிமம் கொடுத்தார்கள், சில வாரங்களுக்குள் உயிருள்ள கிருமி கலந்த ஊசிகள் வெளியே போய்ப் பிள்ளைகளை முடக்கின, சிலர் இறந்தும் போனார்கள்.

1981-இல் கொலம்பியா விண்ணோடம் முதலில் பறந்ததும் இதே நாளில்தான். ஆனால் அது ஏப்ரல் 10-இல் கிளம்ப வேண்டியது, கணினிக் கோளாறால் தள்ளிப்போய் இங்கே வந்து விழுந்தது. போட்டியில் சேர்க்க வேண்டாம்.

என் ஓட்டு 1955-க்கு. ஒரே ஒரு நெருடல்: நம் ஊரில் பிள்ளைகள் நாக்கில் விட்ட சொட்டு மருந்து சால்க்குடையது அல்ல, ஆல்பர்ட் சேபினுடையது, அந்த அமெரிக்கர் தந்த மருந்தை லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, 1959-இல், ககாரினின் நாட்டில்.