கோல்ஃப் கார்ட்: முதலில் மோட்டாரா, கேபிளா?

பழைய 36 வோல்ட் கோல்ஃப் கார்ட் மேட்டில் திணற ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் விலை விசாரிப்பது பெரிய மோட்டாரைத்தான். நான் மோட்டாரை விட்டுவிட்டுக் கேபிளை மாற்றினேன். ஆகவே இந்த அலசல் கேபிள் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வண்டி இ-இசட்-கோ டிஎக்ஸ்டி, சீரிஸ் மோட்டார் (உள்ளே இருக்கும் இரண்டு சுருள்களிலும் ஒரே மின்சாரம் ஓடும் வகை), ஆறு வோல்ட் பேட்டரி ஆறு. ஊர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பீச்ட்ரீ சிட்டி. இங்கே 100 மைல் அளவுக்குக் கார்ட் ஓடும் பாதை இருக்கிறது. மளிகை வாங்கவும் பிள்ளைகளை விளையாட்டுப் பயிற்சிக்கு விடவும் கார்ட்தான். கோல்ஃப் மட்டையை நான் இதுவரை தொட்டதில்லை. சாலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஏறும் இடங்களில், நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும்.

மோட்டார் மாற்றுவது என்றால் டார்க் (இழுவை) மோட்டார், வேக மோட்டார் என்று இரண்டு வகை கிடைக்கும். மேட்டுக்கு முன்னது, சமதளத்துக்குப் பின்னது. வாங்குமுன் மோட்டாரின் நாலு முனைகளையும் பாருங்கள். நாலும் ஒரே தடிமன் என்றால் சீரிஸ். எஃப்1, எஃப்2 மட்டும் ஒல்லியாக இருந்தால் அது வேறு வகை, கன்ட்ரோலரும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வேறு. மாற்றிப் பொருத்த முடியாது. செலவும் மோட்டாரோடு நிற்காது. கூடுதல் ஆம்பியரைத் தர பெரிய கன்ட்ரோலர், அதைத் தாங்க பெரிய சொலினாய்டு (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கனமான சுவிட்ச்), அப்புறம் எப்படியும் தடித்த கேபிள். வேக மோட்டாரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பெரும்பாலான கார்ட்டுகளுக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். அதோடு வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டினால் அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி அது கோல்ஃப் கார்ட் கணக்கில் வராது; சீட் பெல்ட், முகப்பு விளக்கு, கண்ணாடி என்று வேறு பட்டியல் வந்து நிற்கும்.

ஏசி மோட்டாருக்கு மாறுவது மூன்றாவது வழி. கார்பன் பிரஷ் கிடையாது, அது உரசும் கம்யூட்டேட்டர் கிடையாது, இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சீரிஸ் மோட்டாரில் இந்தப் பிடிப்பு இல்லை என்பது பெரிய குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோட்டார், கன்ட்ரோலர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். எனக்குச் சொன்ன விலையில் இன்னொரு பழைய கார்ட்டே வாங்கிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் ஏசி வண்டியை ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதனால் அது நாள்பட எப்படி உழைக்கும் என்பதை வைத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

இனி கேபிள். வோல்டேஜ் குறைவு, அதனால் ஆம்பியர் அதிகம். மேட்டில் 200 ஆம்பியர் சாதாரணம். வண்டியில் மொத்தம் 12 அடி கேபிள், பழைய 6 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கம்பியிலேயே ஒரு வோல்ட் அளவுக்குப் போய்விடும். 190 வாட் வெறும் சூடு. 2 கேஜ் போட்டால் 0.37 வோல்ட், 75 வாட். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. அதாவது பழைய கேபிளை வைத்துக்கொண்டு பெரிய மோட்டாரையும் கன்ட்ரோலரையும் மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பங்கு சீட்டுக்கு அடியில் சூடாகப் போகும்.

கம்பியைவிட மோசம் இணைப்புகள். ஒரு ஜம்பரைக் (பேட்டரியைப் பேட்டரியோடு இணைக்கும் குட்டைக் கேபிள்) கழற்றிப் பார்த்தேன். லக்கின் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) கழுத்தில் ரப்பர் உப்பியிருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே செம்பு கறுத்து, பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேட்டரி ஆசிட் ஆவி கம்பி இழைகளுக்குள் ஏறிக்கொண்டே போகும். முனையை மட்டும் வெட்டிப் புது லக் போடலாம் என்றால் நல்ல செம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரு ஜம்பர் இணைக்கும் இரண்டு ஈயத் தலைகளில், ஒரு முனையை ஒரு பேட்டரியின் தலையிலும் மறு முனையை அடுத்த பேட்டரியின் தலையிலும் வையுங்கள். லக் மேல் வைத்தால் இணைப்பின் இழப்பு மீட்டரில் வராது. ஒருவர் மேட்டில் ஓட்டட்டும், இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். ஒரு அடி 6 கேஜ் ஜம்பர் நல்ல நிலையில் இருந்தால் 200 ஆம்பியரில் 0.08 வோல்ட் காட்டும். 0.3 காட்டினால் மிச்சம் முழுக்க இணைப்பில் எரிகிறது: நாற்பது வாட்டுக்கு மேல், ஒரே இடத்தில், ஈயத் தலையின் மேல். தலை உருகி வழிந்த பேட்டரிகளை இங்குள்ள ஒரு பழுதுக் கடையில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு 2 கேஜ் வெல்டிங் கேபிள், தகரம் பூசிய செம்பு லக், பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) எல்லாம் சேர்த்து 200 டாலருக்குள் முடிந்தது. லக்கைச் சுத்தியல் வகை கிரிம்பரால் (லக்கைக் கம்பியோடு நசுக்கி இறுக்கும் கருவி) அடிக்காதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பர் இரவலாவது வாங்குங்கள். வேலை தொடங்குமுன் மோதிரத்தைக் கழற்றி, ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றி, மெயின் நெகட்டிவை முதலில் எடுங்கள்.

பலன்? சமதளத்தில் உச்ச வேகம் சொல்லும்படி கூடவில்லை, கூடவும் கூடாது. மேட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. முன்பு தொட முடியாதபடி சுட்ட லக்குகள் இப்போது வெதுவெதுப்போடு நிற்கின்றன. முன்-பின் சுவிட்சின் செப்புத் தொடர்புகள் மட்டும் இன்னும் பழையவை. அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும்.

கேபிள் எல்லாருக்கும் மருந்து அல்ல. மேட்டில் ஏதாவது ஒரு பேட்டரி 5.25 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் செலவு பேட்டரிக்கு. பேட்டரிகள் தாங்கி, ஒவ்வொரு ஜம்பரும் 0.1 வோல்ட்டுக்குள் காட்டி, அப்படியும் வண்டி திணறுகிறதா? அப்போது டார்க் மோட்டாரையும் 400 ஆம்பியர் கன்ட்ரோலரையும் தாராளமாக வாங்கலாம்.