அம்பாசடரின் முகம் மாறாமல் வண்டியைப் புதுப்பிக்க மூன்று வழிகள்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும் மலைப்பாதையில்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. வண்டி 1972ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடர். பெரியப்பாவிடமிருந்து என் கைக்கு வந்தது. முன்னால் போன லாரிக்குப் பின்னே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கியதில் நான்கு பிரேக் டிரம்களும் சூடேறிவிட்டன. பெடல் கல்போல இறுகியது, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, நினைத்த இடத்துக்கு முப்பது அடி தள்ளி நிறுத்தினேன். பின் இருக்கையில் என் மகள் இருந்தாள்.

ஊர் திரும்பியதும் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று வழி சொன்னார்கள். ஜப்பானின் இசுசு நிறுவன எஞ்சினைப் போட்டுவிடு என்றார் ஒருவர். மின்சார வண்டியாக மாற்றிவிடு, இனி அதுதான் என்றார் இன்னொருவர். எங்கள் வண்டியை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் மட்டும், "எஞ்சினைத் தொடாதீங்க தம்பி, அதைச் சுற்றி இருக்கிறதை எல்லாம் மாற்றிடலாம்" என்றார். ஓராண்டுக்கும் மேலாக இந்த மூன்றையும் விசாரித்தும், ஓட்டிப் பார்த்தும், ஒன்றைச் செய்து முடித்தும் இருக்கிறேன். பழைய வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு ஒரே நிபந்தனைதான். தெருவில் நின்று பார்ப்பவருக்கும் ஓட்டுநர் இருக்கையில் உட்காருபவருக்கும் வண்டி ஆலையிலிருந்து வந்ததுபோலவே இருக்க வேண்டும். இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்க் 2 என்றால் கட்டம் போட்ட கிரில்லும் உருண்டை முகப்பு விளக்கும் மட்டுமல்ல. ஸ்டீயரிங் தண்டிலிருந்து நீளும் கியர் கம்பி, அதனால் காலடியில் கிடைக்கும் வெற்றிடம், மூன்று பேர் நெருங்கி உட்காரக்கூடிய ஒரே நீளமான முன் இருக்கை, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த முகம்.

இசுசு எஞ்சின்: ஆலையே போட்டுக் காட்டிய மாற்றம்

மூன்றில் மனதை முதலில் இழுப்பது இதுதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டியை வைத்துப் பிறந்த அம்பாசடர், 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை ஏறக்குறைய ஒரே உடலோடு வந்துகொண்டிருந்தது. அந்த உடலுக்குள் 1992இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு பொருத்தி விற்றது. மார்க் 2இல் இருக்கும் பழைய 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் ஐம்பதைச் சற்றே தாண்டிய குதிரைத்திறன் தந்த இடத்தில், இது 75 தந்தது. அதே எஞ்சின் அந்த நிறுவனத்தின் கான்டெஸா காரிலும் வந்ததால் பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடினால் இன்றும் அகப்படுகிறது.

நண்பர் ஒருவர் இப்படி மாற்றிய வண்டியில் மதுரையிலிருந்து திருச்சிவரை ஓட்டினேன். நான்குவழிச் சாலையில் அதன் அருமை தெரிகிறது. ஐந்தாவது கியரில் எஞ்சின் மூச்சு வாங்காமல் போகிறது. பிஎம்சி எஞ்சினின் கிராங்க் தண்டு மூன்றே மெயின் பேரிங் மீது சுழல்வது. அதை மணிக்கு 70, 75 கிலோமீட்டருக்கு மேல் மணிக்கணக்காக விரட்டுவது அதற்குச் செய்யும் கொடுமை. நெடுந்தூரம் அடிக்கடி போகிறவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

ஆனால் கதவைத் திறந்ததும் எனக்கு மனம் சுருங்கிவிட்டது. ஐந்து கியர் பெட்டியின் கம்பி தரையிலிருந்து முளைக்கிறது. அதற்காகத் தரைத் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது, நீள இருக்கையும் போய் இரண்டு தனி இருக்கைகள் வந்திருந்தன. ஸ்டீயரிங் தண்டில் கியர் கம்பி இருந்த இடத்தில் ஒரு மூடி. வெளியே மார்க் 2, உள்ளே 1990களின் வண்டி. ஆலையிலேயே இசுசு எஞ்சினோடு வந்த 1800 மாடலை வாங்கிய ஒருவருக்கு அதுதான் ஆலைத் தோற்றம், குறை சொல்ல எதுவுமில்லை. மார்க் 2 வைத்திருப்பவர் இதைச் செய்தால் பாதித் தோற்றத்தை இழக்கிறார்.

சட்டத்தின் பக்கம் இன்னும் கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று மாற்றுவது வேறு, 1489 இருந்த இடத்தில் 1817ஐ வைப்பது வேறு. பதிவு அலுவலகத்தில் எழுத்து அனுமதி வாங்காமல் இதைச் செய்தவர்கள், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மின்சாரம்: சத்தமில்லாத வண்டி

2018 மே மாதம் பிரிட்டன் இளவரசர் ஹாரி தன் திருமண நாளில் ஓட்டிச் சென்ற நீல நிற ஜாகுவார் இ-டைப் பலருக்கு நினைவிருக்கும். 1968ஆம் ஆண்டு வண்டி அது, உள்ளே இருந்தது மின்மோட்டார். வெளித்தோற்றம் ஏறக்குறையப் பழையதேதான். அந்தப் படத்தைப் பார்த்தபின் என் வண்டிக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது.

தோற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது இசுசு வழியைவிட மேல். மின்மோட்டாருக்குப் பல கியர்கள் தேவையில்லை. அதனால் தரையை வெட்டாமல், பழைய கியர் கம்பியையே முன்னே, பின்னே, நடுநிலை என்ற தெரிவுக்குப் பயன்படுத்திக்கொள்ள வழியிருக்கிறது. புகை இல்லை, கார்புரேட்டர் இல்லை, காலையில் சோக் இழுக்க வேண்டியதில்லை. நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன்.

என்னைத் தடுத்தவை மூன்று. முதலாவது செலவு. நல்ல பேட்டரியோடு செய்தால் பல லட்சம் ஆகும், வண்டியின் விலையையே தாண்டிவிடும். இரண்டாவது அனுமதி. இந்தியாவில் பழைய வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் பாகத் தொகுதி (கிட்) ஒவ்வொன்றும் ஏஐஎஸ் 123 என்ற தரநிலையின்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் தேர்வாகி, அந்த வண்டி வகைக்கென்றே சான்று பெற்றிருக்க வேண்டும். பட்டறையில் யாரோ கூட்டிச் சேர்த்த மோட்டாரும் பேட்டரியும் ஆர்.சி.யில் ஏறாது. மூன்றாவது எடை. பேட்டரியை டிக்கியில் வைத்தால் பின்பக்க இலை வில்கள் தாழ்ந்துபோகும், டிக்கியும் போகும். அம்பாசடர் டிக்கியில் ஒரு கல்யாணத்துக்கான சாமான் ஏற்றிய குடும்பம் எங்களுடையது.

இவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, மின்சாரத்துக்கு மாற்றிய வண்டியை வரலாற்று வண்டியாகத் தான் கருதுவதில்லை என்று 2019இல் வெளிப்படையாகச் சொன்னது. அப்படியும் மாற்ற விரும்புகிறவர், எல்லாவற்றையும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிறபடி செய்து, கழற்றிய பாகங்களைக் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது. அந்தக் கூட்டமைப்பின் கட்சியில்தான் நானும் இருக்கிறேன். சாவியைத் திருகியதும் பிஎம்சி எஞ்சின் தரும் அந்தக் கனத்த முணுமுணுப்பு இல்லாமல் அம்பாசடர் எனக்கு முழுமையாகாது.

எஞ்சின் அப்படியே, மற்றவை புதிது

அண்ணன் சொன்ன வழி. நான் செய்து முடித்ததும் இதைத்தான். இதில் பெருமிதமாகக் காட்ட எதுவும் இல்லை, எல்லாம் மறைந்தே இருக்கும். அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரேக்கில் தொடங்கினோம். மார்க் 2இல் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. எங்கேனும் ஓர் இடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கும் போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டால் ஒன்று போனாலும் மற்றது நிற்க வைக்கும். அதோடு பின்னாளைய அம்பாசடரின் முன்பக்க டிஸ்க் தொகுதியை, ஸ்டப் ஆக்சிலும் ஹப்பும் சேர்த்து, எடுத்துப் பொருத்தினோம். கூடவே, காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் சர்வோ. ஹப் கேப் மாட்டியபின் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே குடும்பத்து வண்டி என்பதால் வெட்டலும் ஒட்டலும் தேவைப்படவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சிறு வேறுபாடுகள் உண்டு. பாகத்தைக் கையில் வைத்து அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மின்சாரம். பழைய டைனமோ, வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யாது. சிக்னலில் நின்றால் விளக்கு மங்கும், மழையில் வைப்பர் தள்ளாடும். ஆல்டர்னேட்டர் போட்டதும் இவை இரண்டும் தீர்ந்தன. பானெட்டைத் திறந்தால்கூட மாற்றம் தெரியக்கூடாது என்பவர்களுக்கு, டைனமோவின் உருளை வடிவிலேயே செய்த ஆல்டர்னேட்டர்கள் பிரிட்டனில் விற்கின்றன. விலைதான் அதிகம். ஒரு எச்சரிக்கை: பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருப்பதுண்டு. நண்பரின் 1961 மாடல் வண்டியில் ஒரு பட்டறைக்காரர் இதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்ட, டையோடுகள் ஒரே நொடியில் கருகிவிட்டன. முனைகளை மாற்றினால் ரேடியோ, அம்மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விளக்குக்கு, பழைய உருண்டைக் கண்ணாடியைத் தக்கவைத்தே ஹாலஜன் பல்பு போட்டு, ரிலே வழியாக மின்சாரம் கொடுத்தோம். முன்பு முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் அதைச் சுட வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளை எல்இடி வேண்டாம் என்று நானே தடுத்தேன். எதிரே வருபவர் கண்ணைக் கூசவைப்பதோடு, தூரத்திலிருந்தே வண்டியின் வயதைக் குலைக்கிறது அந்த ஒளி. இண்டிகேட்டரில் எல்இடி போடுவதானால் பிளாஷரையும் மின்னணு வகைக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் சரியாகக் கண் சிமிட்டாது.

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள், தேயும் பாயிண்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷன். உள்ளங்கையில் அடங்கும் பொருள்தான், காலையில் முதல் திருகலிலேயே எஞ்சின் எழுகிறது. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை இறக்கியபோது எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து அமரும் இடத்துக்குக் கடினமான சீட்டும் போட்டோம். நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுவிட்டது. ஈயத்தை நம்பிச் செய்த வால்வு சீட்கள் அது இல்லாமல் தேய்கின்றன. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்காது, எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியே தீர வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். குழாய் கசிந்தால் தீதான்.

டயர் ரேடியல், அகலம் பழையதே. சீட் பெல்ட் ஆங்கர்களுக்குக் கீழே இரும்புத் தகடு வைத்து வலுப்படுத்தினோம். ஏசி போடவில்லை. பிஎம்சி எஞ்சினின் சக்தியில் அதற்கும் பங்கு கொடுத்தால் மேட்டில் வண்டி திணறும். கோடையில் ஏசி இல்லாமல் முடியாது என்பவருக்கு, நேர்மையாகச் சொன்னால், இசுசு வழியே சரி.

இந்த வழியில் கிடைக்காதது வேகம். நெடுஞ்சாலையில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். பணமும் குறைவாகச் செலவாகவில்லை, இசுசு மாற்றத்தில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் ஆர்.சி.யில் எஞ்சின் எண் அப்படியே இருக்கிறது, ஐந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும்போது எந்தக் கேள்வியும் இல்லை. 2021இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு உடல், சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றமில்லாவிட்டால் விண்டேஜ் பதிவு கேட்கலாம். பதிவு எண்ணில் விஏ என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய். அதை வாங்கினால் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்க முடியும். தினசரி ஓட்டத்துக்கு இடமில்லை. எனக்கு இப்போது அது தேவையில்லை. மகள் ஒருநாள் விரும்பினால் விண்ணப்பிக்க வழி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இசுசு எஞ்சினோ மின்மோட்டாரோ போட்டிருந்தால் அந்தக் கதவு அடைபட்டிருக்கும்.

கழற்றிய டைனமோ, பாயிண்ட் செட், பழைய மாஸ்டர் சிலிண்டர், முன் டிரம்கள், நான்கையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் கழற்றிய தேதியை எழுதிக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் மறுபடியும் கொடைக்கானல் போய்வந்தோம். இறங்கும்போது அதே வளைவில் நிறுத்திப் பார்த்தேன். நினைத்த இடத்திலேயே நின்றது.