'எல்லா வகை முடிக்கும்' என்ற வேப்பமரச் சீப்பு: ஆறு மாதத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

அகலப் பல் வைத்த வேப்பமரச் சீப்பு ஒன்றை 140 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 'எல்லா வகை முடிக்கும் ஏற்றது. குழந்தைகளுக்கு வலிக்காது' என்று அட்டையில் அச்சிட்டிருந்த வரிதான் என்னை வாங்க வைத்தது. எங்கள் வீட்டில் இரண்டு வகை முடி உண்டு. 9 வயது மூத்தவளுக்கு அவள் அப்பாவைப் போலக் கோரை முடி; எண்ணெய் வைத்தால் மறுநாளும் தலையோடு ஒட்டிக்கொண்டு மினுங்கும். 6 வயது இளையவளுக்கு என் அம்மாவின் சுருட்டை. காலையில் வைத்த எண்ணெய் மாலைக்குள் போன இடம் தெரியாது. ஆறு மாதம் இரண்டு தலையிலும் பயன்படுத்திப் பார்த்ததில், அந்த வரியில் பாதிதான் உண்மை என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பாதிக்கே கொடுத்த காசு தகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சீப்பு ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுத்தது. பற்களைத் தனியாகச் செய்து ஒட்டவில்லை. இரண்டு பற்களுக்கு நடுவே என் சுண்டுவிரல் நகம் தாராளமாக நுழைகிறது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்புகளில் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மெல்லிய விளிம்பு ஒன்று எழும்பி நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் தெரியும், முடியை அறுப்பது அதுதான். மரச் சீப்பில் அந்த விளிம்பு கிடையாது, ஆனால் சிலாம்பு இருக்கக்கூடும். என் சீப்பின் ஓரப் பல்லில் இருந்தது. பழைய ஷிஃபான் துப்பட்டா ஒன்றின்மேல் சீப்பை இழுத்துப் பார்த்தபோது அந்த ஒரு பல் மட்டும் நூலைக் கவ்வியது. உப்புத்தாள் போட்டு இரண்டு நிமிடம் தேய்த்துச் சரிசெய்தேன். குழந்தைகளுக்கென்று விற்கும் பொருளில் இந்த வேலையை வாங்கியவர் செய்ய வேண்டியிருப்பது தயாரித்தவருக்குப் பெருமை சேர்க்காது.

இளையவளின் ஞாயிற்றுக்கிழமைத் தலைகுளியல் முன்பெல்லாம் ஒப்பாரியில்தான் முடியும். சுருட்டை முடி முளைக்கும் வேர்ப்பையே வளைந்திருப்பதால் இழையும் வளைந்து வளர்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் அந்த வளைவுகளில் இறங்கி நுனிவரை வந்துசேர்வதில்லை. ஆகவே நுனி காய்ந்து, ஓர் இழை இன்னோர் இழையைப் பிடித்துக்கொண்டு சிக்காகிறது. இப்போது குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாகத் தேங்காய் எண்ணெயைத் தடவி, இந்தச் சீப்பால் நுனிவரை இழுத்து விடுகிறேன். தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவி அதன் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயிலும் கனிம எண்ணெயிலும் அந்தப் பலன் தென்படவில்லை என்றும் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் பாட்டிமார் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு.

குளித்து முடித்ததும் கண்டிஷனர் தடவிய ஈரத் தலையோடு அவளை முக்காலியில் உட்கார வைத்து, முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் சீப்புக்கு மேலே என் இடது கையால் இறுகப் பிடித்துக்கொள்கிறேன். அப்படிப் பிடித்தால் சீப்பின் இழுப்பு என் விரல்களோடு நின்றுவிடும், தலைத்தோலுக்குப் போகாது. நுனியில் நாலு விரற்கடை, பிறகு அதற்கு மேலே நாலு விரற்கடை என்று கீழிருந்து மேலாக ஏறினால் பத்து நிமிடத்தில் சிக்கு முழுவதும் வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் சீப்போடு போராடிய காலத்தில் உள்ளங்கை நிறைய உதிர்ந்த முடி, இப்போது விரலில் ஒரு சுற்றுச் சுற்றும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. அவள் அழுகையும் நின்றுவிட்டது; அந்த நேரத்தில் கதை சொல்லவில்லை என்பதுதான் இப்போதைய புகார்.

முதல் மாதம் இதைப் பார்த்த என் மாமியார், "ஈரத்தலையை வாராதேம்மா, கொத்தா கையோட வந்துரும்" என்று தடுத்தார். அவர் சொல்வது தவறில்லை. அது மூத்தவளின் தலைக்கான விதி. முடி நனைந்ததும் அதன் உள்கட்டு தளர்ந்து ரப்பர் போல நீளும், அளவுக்கு மேல் நீண்டால் அறுந்துபோகும். ஆகவே கோரை முடியைத் துண்டால் ஒற்றி, பாதியாவது காயவிட்டுத்தான் வார வேண்டும். சுருட்டையிலோ, காய்ந்த பிறகு வாரும்போது சிக்கில் மாட்டி அறுவது அதைவிட அதிகம். நீரும் கண்டிஷனரும் தரும் வழவழப்பில் வாருவதே அதற்குச் சேதம் குறைவு. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களுக்கு நேரெதிரான விதிகள் என்பதை அத்தைக்குப் புரியவைக்க எனக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின.

மூத்தவளைப் பொறுத்தவரை இந்தச் சீப்பு ஏறக்குறைய உபயோகமற்றது. "அம்மா, இது வாரவே மாட்டேங்குது, சும்மா வழுக்கிட்டுப் போகுது" என்று இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உண்மைதான்: பற்கள் முடிக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடுகின்றன. பள்ளியில் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். நடு வகிடு நேராக இல்லாவிட்டால் அவளே அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னச் சொல்வாள். இந்தத் தடித்த பல்லால் வகிடு எடுத்தால் அது வாய்க்கால் வரப்பு மாதிரி வளைந்து போகிறது. அவளுக்கு நெருக்கப் பல் சீப்புதான் சரி. இருபது ரூபாய்க்குத் தெருமுனைக் கடையில் கிடைப்பதே போதும்.

வேப்பமரம் பொடுகையும் பேனையும் விரட்டும் என்று அட்டையின் பின்பக்கம் ஒரு வாக்குறுதி இருக்கிறது. பள்ளி திறந்த மூன்றாம் வாரம் வழக்கம்போல இருவர் தலையிலும் பேன் வந்துவிட்டது. இந்தச் சீப்பின் பற்களுக்கு நடுவே பேன் குடும்பத்தோடு ஊர்வலம் போகலாம். உலோகப் பல் வைத்த பேன்சீப்பால், ஈரத்தலையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு வாரம் வாரித்தான் ஒழித்தேன். ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் அதற்கு முன்னால் நிறுத்துவதில் பயனில்லை. வாரும்போது முடி பறக்காது என்ற இன்னொரு வாக்குறுதியையும் அட்டை தருகிறது; உலர்ந்த காற்றில்தான் நிலைமின்சாரம் ஏறி முடி பறக்கும் என்பதால், சென்னையின் புழுக்கத்தில் அதைச் சோதிக்கவே முடியவில்லை. டிசம்பரில் பெங்களூரு போனபோது மட்டும் பிளாஸ்டிக் சீப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்தது.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. குளியலறையில் போட்டு வைத்தால் மரம் நீரில் ஊதிப் பற்கள் சொரசொரப்பாகிவிடும். நான் ஈரத்தைத் துடைத்து, நிழலில் காயவைத்து, மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். ஆறு மாதத்தில் ஒரு பல்லும் விரியவில்லை.

சுருட்டை முடியோ அலைஅலையான அடர்ந்த முடியோ உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், வாங்கும்போதே துப்பட்டாச் சோதனை செய்துவிட்டு இதை வாங்கலாம். கோரை முடிக்கு வேண்டாம். நான் இரண்டாவதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். அது என் அம்மாவுக்கு. 64 வயதுவரை அந்தச் சுருட்டையை நெருக்கப் பல் சீப்பால் இழுத்து இழுத்துப் பின்னிக்கொண்டவர், போன வாரம் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதை ஈரத்துலயா வாரணும், காஞ்சப்புறமா?"