குண்டுப் பூனைக்கு நீரிழிவு: எந்த உணவு, எந்த மருந்து?

நீரிழிவு வரும் பூனைகளில் பல குண்டுப் பூனைகள். ஆனால் நோய் தெரியவரும் நாளில் அவை இளைத்துக்கொண்டும் இருக்கும். வைத்ததை வழித்துத் தின்னும், தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கும், ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டும். முதலில் இந்தக் கெட்ட இளைப்பை நிறுத்த வேண்டும். பிறகு நல்ல இளைப்பைத் தொடங்க வேண்டும். அதனால் எந்த மருந்தைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பூனையின் எடை குறையத் தொடங்கிய பிறகு இது எப்படி நடந்துகொள்ளும்? கொழுப்பு கரையக் கரைய உடல் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். சென்ற மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் ஆபத்தாகிவிடலாம்.

உணவில் போட்டி, 'எடை குறைப்பு' என்று எழுதிய உலர் உணவுக்கும் மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கும். உறையில் உள்ள சொல்லை நம்பி உலர் உணவை வாங்குகிறவர்கள் அதிகம். அதில் கொழுப்பைக் குறைத்த இடத்தைப் பெரும்பாலும் மாவுச்சத்துதான் நிரப்புகிறது. நீரிழிவுப் பூனைக்குக் கலோரியில் சுமார் 12 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. உலர் உணவுகள் பலவற்றில் அது 30 சதவீதத்தைத் தாண்டும். என் வாக்கு ஈர உணவுக்கே. ஒரு விலக்கு உண்டு: ஈர உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பும் பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரக் கூடாது. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் 1 சதவீதம் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது 30 முதல் 60 கிராம். நாம் ஏறி நிற்கும் எடைக்கருவி இதைக் காட்டாது; குழந்தைகளுக்கான தராசு வேண்டும்.

உலர் உணவிலிருந்து ஈர உணவுக்கு மாற்றிவிட்டு, இன்சுலினைப் பழைய அளவிலேயே போடுவதுதான் இந்த விஷயத்தில் நான் மிகவும் அஞ்சும் தவறு. சர்க்கரை திடீரென்று விழும். உணவை மாற்றும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

இன்சுலினில் கிளார்ஜினையும் லென்டி வகையையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. லென்டி பூனையின் உடலில் வேகமாக வேலை செய்து, பல பூனைகளில் அடுத்த ஊசிக்கு முன்பே ஓய்ந்துவிடுகிறது. சர்க்கரை ஆழமாக இறங்கி மறுபடி ஏறுகிறது. கிளார்ஜின் தோலுக்கடியில் நுண்படிகங்களாகப் படிந்து மெல்லக் கரைவதால் ஏற்ற இறக்கம் குறைவு. நோயின் தொடக்கத்திலேயே ஈர உணவோடு சேர்த்துக் கொடுத்தால், இன்சுலினே வேண்டாத நிலைக்குத் திரும்பும் பூனைகள் கணிசம். இளைக்கும் பூனைக்கு இந்த நிதானம்தான் பாதுகாப்பு.

ஆனால் கிளார்ஜினில் ஓர் அசௌகரியம். அது ஒரு மில்லியில் 100 யூனிட் கொண்டது. ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிதான். அரை யூனிட் குறைக்கச் சொன்னால், அரைக்கோடு போட்ட சிரிஞ்ச் இல்லாமல் கண்ணால் மதிப்பிட வேண்டியிருக்கும். நீர் கலந்து அளவைப் பெருக்கவும் முடியாது, மருந்து கெட்டுவிடும். விலங்குகளுக்கான லென்டியும், பிஇசட்ஐ என்ற இன்னொரு இன்சுலினும் மில்லிக்கு 40 யூனிட் செறிவில் வருவதால் அளப்பது சற்று எளிது. சிரிஞ்சை மட்டும் மாற்றிவிடக் கூடாது: 100 செறிவு மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு.

ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு இப்போது வாய்வழி மருந்துகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி கிடைத்தது. நாளுக்கு ஒரு வேளை. சிறுநீரகம் சர்க்கரையை வெளியே தள்ளுவதால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் பயம் மிகக் குறைவு. என் கேள்வியின்படி பார்த்தால் இங்கே இவை கிளார்ஜினையே வெல்கின்றன.

இடறுவது வேறிடத்தில். பூனையின் உடலில் சொந்த இன்சுலின் கொஞ்சமாவது இருக்க வேண்டும். முன்பு இன்சுலின் போட்ட பூனைக்கு இவை வேண்டாம் என்கிறது அமெரிக்க அனுமதி. இன்சுலின் போதாவிட்டால் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே, உடல் கொழுப்பை எரிக்கையில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். குளுக்கோமீட்டர் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்க, பூனை சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கும். குறிப்பாக முதல் 2 வாரங்களில் கீட்டோனையும் எடையையும் கவனித்தே ஆக வேண்டும். அந்த நாட்களில் உணவையும் குறைத்தால், இளைப்பு பட்டினியாலா நோயாலா என்று பிரித்தறிய முடியாது.

நாளுக்கு இருமுறை வீட்டில் ஆள் இருந்தால் ஈர உணவும் கிளார்ஜினும் என் தேர்வு. அது முடியாத வீட்டில், நன்றாகச் சாப்பிடும், இதுவரை இன்சுலின் காணாத பூனைக்கு வாய்வழி மருந்து.

இன்சுலினை ஏற்றிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை, எடை மட்டும் கூடுகிறது என்றால் இந்த ஒப்பீட்டை மூடிவைத்துவிடலாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும் அக்ரோமெகலியாக இருக்கக்கூடும். அதைக் கண்டறிய உதவும் ஐஜிஎஃப்-1 என்ற இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.