வெக்கைக்கு வெள்ளித்தாள் ரோல்: கூரைக்குச் சரி, சுவருக்கு வேண்டாம்

கச்சான் காற்று தொடங்கினால் திருகோணமலைக் கடற்கரையோரம் இருக்கும் எங்கள் உப்புவெளியில் மத்தியானம் வீட்டுக்குள் இருக்க ஏலாது. எங்களுடையது அப்பப்பா காலத்துச் சுண்ணாம்புச் சாந்து வீடு, சுவரெல்லாம் நல்ல தடிப்பு, ஆனால் கூரை ஓடுகளைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட நாளிலிருந்து ஃபேன் அனலைத்தான் கீழே இறக்கியது. அதனால்தான் டவுனில் ஒரு கடையில் இந்த ரோலை வாங்கினோம். இரண்டு பக்கமும் அலுமினியத் தாள், நடுவில் நுரை, 5 மில்லிமீற்றர் தடிப்பு.

"இதைப் போட்டா ஏசியே தேவையில்லை அண்ணே" என்றார் கடைத் தம்பி. அது வியாபாரப் பேச்சு. ஆனால் பகலில் தலைக்கு மேல் இறங்கும் அந்தக் காங்கை நன்றாகவே அடங்கிவிட்டது, அதை மறுக்க மாட்டேன்.

விசயம் பூட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் கதிராக வரும் வெப்பத்தில் 95 வீதம் வரை திருப்பிவிடும், ஆனால் முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டும்தான். சீற்றோடு ஒட்டிக்கொண்டால் சூடு தாளுக்குள்ளால் நேராக இறங்கும். எங்கள் ஓடாவி கைமரத்தின் அடிப்பக்கத்தில் சிலாகை வைத்து அடித்ததால் மேலே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இடம் கிடைத்தது. சீற்றில் துளை போடவே விடவில்லை, அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

மேற்குச் சுவருக்கும் உள்ளால் இதையே அடித்து ஜிப்சம் பலகை போடலாம் என்று கடையில் சொன்னார்கள், கனடாவில் இருக்கும் மச்சானும் அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றான். அங்கே சரி. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும், அதைத் தடுக்க உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் விரிப்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ்! ஈரம் வெளியே கடல் பக்கமிருந்து வருகிறது, உள்ளே ஏசி போட்டால் பலகைக்குப் பின்னால்தான் வியர்க்கும். போதாக்குறைக்குச் சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி இரண்டு பக்கத்தாலும் காய்கிற சுவர், ஒரு பக்கத்தை மூடினால் உப்புப் பூத்துச் சாந்து உதிரும். பக்கத்து வீட்டில் பலகையைக் கழற்றியபோது பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். நாங்கள் அந்தச் சுவருக்கு வெளியே கிடுகுப் பந்தல் இறக்கி, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததோடு விட்டுவிட்டோம். அந்த அறை ராத்திரி கொஞ்சம் புழுங்கும்தான், பரவாயில்லை.

குறை என்றால், ரோலோடு தரும் டேப் உதவாது, உப்புக் காற்றுக்கு ஓரம் கிளம்புகிறது. அலுமினிய டேப்பைத் தனியாக வாங்குங்கள், ஆணியும் துருப்பிடிக்காததாகப் பாருங்கள். அப்புறம் எலி, அதுக்கு நுரை என்றால் கொண்டாட்டம், கூரை ஓர ஓட்டைகளை முதலில் அடையுங்கள். அடுப்படிக்கு மேல் நாங்கள் போடவில்லை, இந்த நுரை தீப்பிடிக்கிற சாமான்.