ஜூடோவா, கராத்தேயா? வன்னியில் புதிதாகச் சேர்பவருக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிள்ளையைத் தற்காப்புக் கலை பழக விட நினைத்தால், முதலில் தரையைப் பாருங்கள். கராத்தேக்குப் பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்துத் தரை போதும். ஆள் வராத நாளிலும் வீட்டு முற்றத்தில் நின்று கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசை, பழகலாம். ஜூடோவுக்கு மெத்தை வேண்டும், பிடித்து இழுக்க ஒரு சோடி ஆளும் வேண்டும். மெத்தையே இல்லாமல் ஆளைத் தூக்கி எறியப் பழக்குகிற இடமென்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, மெத்தை இருக்கிறது என்று வைப்போம். அப்போது என் வாக்கு ஜூடோவுக்குத்தான். 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கிய இந்தக் கலையில், போட்டியில் குத்தும் உதையும் கிடையாது. ஆரம்பத்தில் விழத்தான் பழக்குவார்கள்: நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, விழும் கணத்தில் கையால் மெத்தையில் ஓங்கி அடிக்க வேண்டும். பின்தலை அடிபடாது. கிறவல் ரோட்டில் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளுக்கு இது வேறு உதவும்!

ஒலிம்பிக் கனவு இருந்தாலும் ஜூடோதான். அது 1964இலேயே உள்ளே வந்துவிட்டது, கராத்தே டோக்கியோவில் ஒரே ஒரு முறை.

உடுப்பில் மட்டும் கராத்தே வெல்கிறது. இழுத்தாலும் கிழியாத ஜூடோ உடுப்பு தடித்தது, சித்திரை வெயிலில் வியர்வை ஊறிக் கனக்கும். வாங்குமுன் கழகத்தில் இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள்.