வவுச்சரில் 'பெய்டு' சீல் இருந்தது, ஹோட்டலுக்குப் பணம் போகவில்லை

வெளிநாட்டில் இருக்கிற வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகளும், அவர்களுக்காக இங்கே பணம் கட்டுகிற அப்பா அம்மாக்களும் தயவுசெய்து படியுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பெண்கள். நான் குடியாத்தம், மற்றவர்கள் ஆம்பூர், வாலாஜா, காட்பாடி. ஜெர்மனியில் டிரெஸ்டன், கெம்னிட்ஸ், லைப்சிக் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். வாரம் முழுக்க லேப், வகுப்பு, பார்ட் டைம் வேலை. வாய்விட்டுத் தமிழ் பேச ஆள் கிடையாது. அதனால் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு நாலு பேரும் ஏதாவது ஒரு ஊரில் கூடிவிடுவோம். ஆம்பூர்க்காரி புளியோதரை கட்டிக்கொண்டு வருவாள். அந்த இரண்டு நாளை நம்பித்தான் மற்ற நாட்கள் ஓடும்.

போன மே மாதம் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகலாம் என்று முடிவு செய்தோம். டிரெஸ்டனிலிருந்து 150 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். எப்போதும் நாங்களே புக் செய்வோம். இந்த முறை வாலாஜாக்காரி, தனக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த வேலூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் ஐரோப்பா வீக்எண்ட் பேக்கேஜ் ஆரம்பித்திருக்கிறார் என்றாள். ரூபாயில் ஊரிலேயே கட்டினால் போதும், யூரோவில் கை வைக்க வேண்டாம் என்பது அவர் பேச்சு. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வந்து, அதில் வாடகை, இன்ஷூரன்ஸ் போக மிச்சத்தை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. போக வர பஸ், இரண்டு ராத்திரி ஹோட்டல், ஆற்றில் படகு, எல்லாம் சேர்த்து தலைக்கு 14,500 ரூபாய். நாலு பேருக்கு 58,000.

மற்ற மூன்று வீட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு என் நைனாதான் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வேலூர் போய்க் கட்டினார். லுங்கி வியாபாரம் பார்க்கிற மனுஷன், கையில் இருந்ததை 20,000 ரொக்கமாகக் கொடுத்தார். மீதி 38,000 ஜிபே. கடைப் பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் நம்பருக்கு. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார்களாம். பில் இன்றுவரை வரவில்லை. வந்தது வவுச்சர். கடையின் லெட்டர்பேடில் ஹோட்டல் பெயர், எங்கள் நாலு பேர் பெயர், கன்ஃபர்மேஷன் நம்பர், ஓரத்தில் சாய்வாக ஊதா மையில் ஒரு வட்ட சீல், நடுவில் 'பெய்டு'. அந்த சீலைப் பார்த்துத்தான் நைனா நிம்மதியாக வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஹோட்டல் போய்ச் சேர்ந்தோம். ரிசப்ஷனில் இருந்த பையன் வவுச்சரைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், பிறகு ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினான். எங்கள் பெயரில் ரூம் இருக்கிறது. பணம் மட்டும் கட்டவில்லை. ரூமுக்கு செக் நாட்டுப் பணத்தில் 9,600 கொருனா, அதோடு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 50 வீதம் ஊர் வரி 400. மொத்தம் 10,000, ஏறக்குறைய 400 யூரோ. கட்டினால் சாவி.

டிராவல்ஸ்காரர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஊரில் அப்போது மணி பன்னிரண்டே முக்கால். நைனாவுக்குப் போட்டேன், முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். "இன்னா பாப்பா, சேந்துட்டீங்களா? ரூம் நல்லா கீதா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நல்லா இருக்கு நைனா, தூங்குங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆம்பூர்க்காரி அந்த மாத வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் கார்டைத் தேய்த்தாள்.

படகு என்று ஒன்று புக் செய்யப்படவே இல்லை. ஞாயிறு சாயந்திரம் திரும்பும் பஸ்ஸில் டிரைவர் ஸ்கேன் செய்ததும் டிக்கெட் செல்லாது என்றார். போகும்போது காட்டிய டிக்கெட்டிலேயே தேதியையும் ஊரையும் மாற்றி பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். புக்கிங் நம்பர்கூட அதேதான். மேலே 120 யூரோ போட்டுப் புது டிக்கெட் எடுத்தோம்.

நடுவில் இன்னொரு அடி. சனிக்கிழமை காலை பழைய நகரத்தில், கமிஷன் கிடையாது என்று பெரிதாக எழுதிய கடையில் 200 யூரோ மாற்றினோம். அன்றைக்கு ஒரு யூரோவுக்கு 24 கொருனாவுக்கு மேல். எங்கள் கைக்கு வந்தது 3,300. வாலாஜாக்காரிக்கு ஒரு சட்டம் தெரிந்திருந்தது. செக் நாட்டில் 2019 ஏப்ரல் 1 முதல், 1,000 யூரோ வரைக்கும் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திருப்பிக் கொடுத்தால் மாற்றிய கடை வாங்கியே ஆக வேண்டும். உடனே திரும்பிப் போனோம். முகத்தைச் சுளித்தாலும் 200 யூரோவையும் எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். பிராக் போகிறவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஏடிஎம்மில் யூரோ கணக்கில் எடுக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள். அவர்கள் ரேட் மோசமாக இருக்கும்.

அந்நிய ஊரில் ஏமாந்த பணம் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. நம்ம ஊரில் கட்டிய பணத்துக்குத்தான் இன்னும் அலைகிறோம்.

நைனா மறுவாரம் கடைக்குப் போனார். அவர்கள் சொன்ன பதில்: "ரூம் குட்த்தாங்களா இல்லியா? புக்கிங் போட்டது நானு. ஹோட்டல்காரன் இன்னொரு தபா துட்டு வாங்கிக்கினா நான் இன்னா பண்றது?" நைனாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பேச்சில்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது. ஹோட்டல் சைட்டுகளில் பணமே கட்டாமல் ரூம் பிடிக்கலாம். போய்ச் சேர்ந்த பிறகு ஹோட்டலில் கட்டினால் போதும். அப்படிப் பிடித்தாலும் கன்ஃபர்மேஷன் நம்பர் வரும். அது உண்மையான நம்பர்தான். அதை லெட்டர்பேடில் ஏற்றி, சீல் குத்தி, முழுப் பணத்தையும் நம்மிடம் வாங்கிக்கொள்கிறார்கள். சைட்டிலிருந்து வருகிற அசல் மெயிலை மட்டும் தரமாட்டார்கள். பணம் ஹோட்டலில் கட்ட வேண்டும் என்று அதில்தான் தெளிவாக இருக்கும். நம்பரோடு ஒரு பின் நம்பரும் வரும். இரண்டும் இருந்தால் நாமே சைட்டில் திறந்து பார்க்கலாம். எங்கள் வவுச்சரில் பின் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஹோட்டலுக்கு மெயில் போட்டோம். ஏஜெண்டிடமிருந்து ஒரு காசும் வரவில்லை, முந்தின நாள் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மெயிலைக் காட்டிய பிறகு கடைக்காரர் 10,000 ரூபாய் திருப்பினார். அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை.

1930-க்கு நாங்கள் போன் செய்தபோது ஒன்பது நாள் ஆகிவிட்டது. சைபர் கிரைம் நம்பர் அது. பணம் அந்த அக்கவுண்டில் இருக்கும்போதே சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. நைனாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நான் மறைத்ததில் போன நாட்கள் அவை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது நைனா பெயரில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019-ஆம் வருஷச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். ஜிபே செய்த 38,000-க்கு ஆதாரம் கையில் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 20,000-க்கு அந்த ஊதா சீல் வவுச்சரைத் தவிர ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

இதை இன்றைக்கு எழுதக் காரணம், அதே ஆள் டிசம்பர் கிறிஸ்துமஸ் மார்க்கெட் பேக்கேஜ் என்று வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறார். வேறு எங்கே கட்டியிருந்தாலும் சரி, பிள்ளைகளிடம் சொல்லி ஹோட்டலுக்கு இன்றே நேராகப் போன் போடச் சொல்லுங்கள். கன்ஃபர்மேஷன் நம்பரைச் சொல்லி, ரூம் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள்.